சனிக்கிழமையில் நிரப்பிய படிவம்

காலை ஏழு மணி பத்து நிமிடம். பஹ்ரைனின் ஈசா டவுனில் மளிகைக்கடையின் ஷட்டர் உயர்ந்ததும் முதலில் கண்ணில் பட்டது, ஒரு சாக்கு நிறையக் காய்ந்த கறுப்பு எலுமிச்சை. புளிப்பும் புகையும் கலந்த வாசனை. பால் வாங்கப் போனவன் அரைக் கிலோ எலுமிச்சையோடு திரும்பினேன்.

அந்த வாசனை எனக்கு மனாமாவின் பழைய மாடி வீடு ஒன்று. ஊரில் பத்திரிகைக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்த நான், இங்கே அப்போது முதியோருக்கு உதவும் ஓர் அமைப்பில் படிவம் நிரப்பும் வேலையில் இருந்தேன். நகரத்தில் எஞ்சியிருந்த யூதக் குடும்பங்களில் யார் தனியாக இருக்கிறார்கள், யாருக்கு மருந்தும் துணையும் வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். விடுமுறை நாளில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று கெட்டிக்காரத்தனமாகக் கணக்குப் போட்டுச் சனிக்கிழமை போய் நின்றேன்.

அந்த மாடி வீட்டுக்காரரான, எண்பதைத் தாண்டிய மேடம் என் பேனாவின் மேல் கையை வைத்தார். சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள், அன்று அவர்கள் எழுதுவதில்லை. வந்தவரையும் எழுத விடுவதில்லை. பம்பாயில் வளர்ந்தவர், நல்ல இந்தி பேசுவார்.

"நாளைக்கு வரட்டுமா?"

"நாளைக்கு நான் இருப்பேன்னு யார் சொன்னது? கேளுங்க. மனசுல வச்சுக்குங்க."

வெள்ளிக்கிழமையே போட்டு ஃபிளாஸ்க்கில் வைத்திருந்த கறுப்பு எலுமிச்சை டீ வந்தது. கொண்டுவந்தவர் வீட்டு வேலை செய்யும் செல்வி, இலங்கையின் ஹட்டன்காரர்.

மாடிப்படி ஏற முடிகிறதா என்று கேட்டேன். "தெனமும் ஏறுறேன்," என்றார் மேடம்.

செல்வி டம்ளரை நீட்டியபடியே தமிழில் சொன்னார்: "பொய்ண்ணே. ரெண்டு தடவ விழுந்துட்டாங்க. அத எழுதிடாதீங்க, மகன் லண்டனுக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு. படிக்கு ஒரு கைப்பிடி மட்டும் கேட்டு வாங்கிக் குடுங்க."

"என்ன சொல்றா?"

"பிஸ்கட் எடுத்துக்கச் சொல்றாங்க."

"ஒரு பிஸ்கட்டுக்கு இவ்வளவு பேச்சா?"

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். 'கைப்பிடி தேவை' என்பதற்குப் பக்கத்தில், காரணம் கேட்கும் கட்டம் காலியாக இருந்தது. காலியாக விட்டுப் பழக்கமில்லை. இரண்டு முறை விழுந்தார் என்று நிரப்பினேன். விழுந்தவரின் உறவினருக்குத் தகவல் போகும் என்று பின்பக்கத்தில் அச்சிட்டிருந்தது. ஊரார் பிழையெல்லாம் திருத்தியவன் பின்பக்கத்தைப் புரட்டவில்லை.

அதன்பிறகு நான்கு சனிக்கிழமைகள் படிவம் இல்லாமலே போனேன். ஆறு பேர் தங்கும் ரூமிலிருந்து வருகிறவனுக்கு ஒரு வீட்டு நாற்காலி பெரிய விஷயம். மேடம் வீட்டில் அன்று போன் அடித்தால் யாரும் எடுப்பதில்லை. யாருக்கும் எங்கேயும் போக வேண்டியிருக்காது. அப்படி ஒரு மத்தியானம் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

ஐந்தாவது சனிக்கிழமை கதவைத் திறந்தவர் மகன். பின்னால் இரண்டு பெட்டிகள். மேடம் டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னார். செல்வி டம்ளரை நீட்டவில்லை, மேஜையில் வைத்தார்.

"எழுதிட்டீங்களாண்ணே," என்றார்.

கைப்பிடி பொருத்த ஆள் வந்தபோது வீடு பூட்டியிருந்தது. செல்வி அதற்குள் ஹட்டன் போய்விட்டிருந்தார். வீட்டை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது பதினோரு கார்கள் நிறுத்தலாம்.