தொறந்து வெச்ச இங்க் பேடு

கொட்டிவாக்கத்துல மீன் வாங்கி, ஆழ்வார்பேட்டையில வூடு வூடா விக்கிறவன் நான். படிப்பு கெடையாது, கைநாட்டுதான்.

எம்பொண்ணு ஒம்பதாவது. கிளாஸ்ல ஹெட்மிஸ்ட்ரஸ் மாதிரியே பேசிக் காட்டிட்டாளாம். கூப்ட்டு அனுப்பிச்சாங்க. போனா, "வாங்க சார், உக்காருங்க"ன்றாங்க ஹெட்மிஸ்ட்ரஸ். போன தடவ "தள்ளி நில்லுப்பா, நாறுது"ன்னவங்க. காபி வேற. எனக்கு சந்தேகம் வந்துடுச்சி. கெட்டுப்போன மீனு மேலதான் நான் ஐஸ அள்ளிக் கொட்டுவேன். வெளிய சொல்லிடாதீங்க.

டேபிள் மேல ஒரு பேப்பர். பக்கத்துல இங்க் பேடு, மூடியத் தொறந்து ரெடியா கீது. நான் கைநாட்டுன்னு நெத்தியிலயா ஒட்டிக் கீது?

"சும்மா மன்னிப்பு லெட்டர் சார். ஒரு கைநாட்டு வெச்சா முடிஞ்சிது."

பக்கத்துல நின்ன பொண்ணு எட்டிப் பாத்தா. "நைனா, வெக்காத! 'சொந்த விருப்பத்தின் பேரில் என் மகளை நிறுத்திக்கொள்கிறேன், டி.சி. தரவும்'னு போட்டுக் கீது!"

எனக்கே தெரியாம எனக்கு ஒரு விருப்பம்! ஆனா இவளும் லேசுப்பட்டவ இல்ல. போன வருசம் டீச்சர் "பேச்சைக் குறைக்கணும்"னு எழுதி அனுப்புனத, "பேச்சுப் போட்டியில சேக்கணும்"னு படிச்சிக் காட்டுனவ. நானும் தெருவுக்கே முட்டாய் குடுத்தேன்.

ரெண்டு பேர்ல யாரு பொய்யி? மீனுன்னா செவுளத் தூக்கி, செவப்பா வெளுப்பான்னு பாத்துடுவேன். பேப்பருக்கு செவுளு எங்க?

"மேடம், இத எட்த்துனு போயி படிக்கவெச்சி கேட்டுட்டு வரேன்."

சட்டுனு புடுங்கி டிராயர்ல போட்டாங்க. அதான் செவுளு. வெளுத்துப் போயிருந்துச்சி.

மறுநாள், எங்கிட்ட சங்கரா மீனு வாங்கற வக்கீலம்மாகிட்ட சொன்னேன். "பொண்ணு மார்க்கு எப்படிப்பா?"ன்னாங்க.

"சொல்ற மாதிரி இல்லம்மா."

"அதான். பத்தாவது ரிசல்ட்டு கெடும்னு இப்பவே கழட்டி வுடப் பாக்கறாங்க. அவங்களா அனுப்பணும்னா பொண்ண விசாரிக்கணும், காரணத்த எழுத்துல குடுக்கணும், மேலதிகாரிக்குப் பதில் சொல்லணும். நீயா கேட்டு வாங்கிட்டா அவங்களுக்கு ஒரு தொல்லையும் இல்ல."

இவ்ளோ சொன்னதுக்கு ரெண்டு மீனு கொசுறு எட்த்துக்கினாங்க.

பொண்ணையும் இட்டுக்கினு, மீன் கூடையோட நேரா ஸ்கூலுக்குப் போனேன். "மேடம், இவ பேசிக் காட்டுனது தப்புதான். மன்னிப்பு இவளே எழுதுவா. வெளிய அனுப்பணும்னா, இன்னா காரணம்னு நீங்க எழுதிக் குடுங்க. இங்க் பேடு வேணும்னா நீங்களே வெச்சிக்கங்க."

கூடையப் பாத்தாங்க. மூக்க மூடிக்கினாங்க. "சரி, அவள கிளாஸுக்குப் போகச் சொல்லுப்பா."

'சார்' போயி 'ப்பா' வந்துச்சி. அப்பதான் எனக்கு மூச்சே வந்துது.

சாயங்காலம் பொண்ணு கேட்டா: "நான் படிச்சத நம்புன இல்ல, நைனா?"

"உன்னையா? மொதல்ல நீ எழுதுன மன்னிப்பு லெட்டர படி."

படிச்சா. நல்லாத்தான் இருந்துச்சி. எதுக்கும் இருக்கட்டும்னு, வக்கீலம்மாகிட்ட காட்ட மடிச்சி பாக்கெட்டுல வெச்சிக்கினேன்.