வெங்காயச் சாக்கு வடிகட்டி

மராத்தி பேசுகிற ஊரான கட்கியில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் தரைத்தளம். பின்பக்கம் கொஞ்சம் மண்தரை, ஒரு கறிவேப்பிலைச் செடி, துணி துவைக்கிற கல், அதற்குப் பக்கத்தில் வெடித்துப் போன பழைய சிமெண்டுத் தொட்டி ஒன்று. மாடியில் ஒரு மராத்திக் குடும்பம். அந்த வீட்டுக்காரரும் என் கணவரும் ஒரே ஃபேக்டரியில் வேலை. அவர் மனைவியை நான் தாயி என்று கூப்பிடுவேன், அக்கா என்பதற்கு அவர்கள் சொல்கிற சொல். அவள் என்னை வைனி என்பாள், அண்ணி என்று அர்த்தம். வயதில் நான்தான் மூத்தவள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் என் கணவர் ஸ்கூட்டரில் வழுக்கி விழுந்தார். இடது கால் வண்டிக்கு அடியில் நசுங்கி, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. மாதக்கணக்காக வீட்டிலேயே இருந்தார். முதலில் எல்லாவற்றுக்கும் கோபித்துக்கொண்டார், பிறகு எதற்கும் கோபிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

ஒருநாள் பின்கட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அந்தத் தொட்டியின் விரிசலைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் சிமெண்டு கெடச்சா பூசிடலாம்," என்றார்.

"இன்னாத்துக்கு?"

"மீன் வுடலாம்."

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவராக ஒன்று கேட்டிருந்தார். சிமெண்டு வாங்கி வந்தேன். பூசி முடித்ததும், புதுச் சிமெண்டின் காரம் போக வேண்டும், தண்ணீர் நிரப்பி நிரப்பிக் கொட்ட வேண்டும் என்றார். கொட்டினோம். கேம்ப் என்கிற கடைத்தெருவில் ஒரு கடையிலிருந்து ஆரஞ்சு நிற மீன்களைப் பிளாஸ்டிக் பையில் வாங்கி வந்து விட்டோம். அவர் காலையில் டீயை எடுத்துக்கொண்டு அங்கே போய் உட்கார ஆரம்பித்தார். மீன்களோடு பேசுவார் என்றில்லை, ஆனால் அங்கிருந்து உள்ளே வந்தால் என்னோடு பேசுவார்.

மழையும் குளிரும் இருந்த வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கோடை வந்ததும் தண்ணீர் விடியற்காலையில் ஒரு மணி நேரம் என்றானது. தொட்டித் தண்ணீரோ நாலைந்து நாளில் பச்சையாகி நாற ஆரம்பிக்கும், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பாதியைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். தண்ணீர் வருகிற அந்த ஒரு மணி நேரத்தில்தான் அதைச் செய்ய முடியும். அவரால் ரொம்ப நேரம் நிற்க முடியாது என்பதால் அது என் வேலை. சமையலறைக் குழாயில் ரப்பர் பைப்பை மாட்டி ஜன்னல் வழியாகப் பின்கட்டுக்கு விடுவேன்.

கீழே நான் பைப்பைத் திறந்தால் மாடிக்குத் தண்ணீர் ஏறாது. இது எனக்குத் தெரியும். தெரியாது என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. ஐந்து நிமிஷம்தானே, பத்து நிமிஷம்தானே என்று சொல்லிக்கொள்வேன். அப்படிப்பட்ட காலைகளில் தாயி ஹண்டாவை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வருவாள். ஹண்டா என்பது இடுப்பில் வைத்துத் தூக்குகிற பெரிய எவர்சில்வர் குடம். படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் பொதுக் குழாயில் பிடித்து மேலே கொண்டுபோவாள். அவள் வீட்டுக்காரருக்கு முதல் ஷிஃப்ட், அந்நேரம் கிளம்பிப் போயிருப்பார். இரண்டு பிள்ளைகளும் சின்னவர்கள். என் ஜன்னலைத் தாண்டும்போது, "பாணீ ஆலா கா, வைனி?" என்று கேட்பாள். தண்ணீர் வந்ததா என்று. வந்தது, மெதுவாக வருகிறது என்பேன். அது பொய்யில்லை, மெதுவாக வருவதற்குக் காரணம் நான்தான்.

ஏப்ரலில் ஒரு காலை அவள் படியில் வழுக்கிவிட்டாள். திருப்பத்துப் படியில் தண்ணீர் சிந்தியிருந்திருக்கிறது. முதலில் ஹண்டா உருண்டு வரும் சத்தம், பிறகு அவள் குரல். நான் சமையலறையில் இருந்தேன். பைப் ஓடிக்கொண்டிருந்தது. நான் முதலில் குழாயை மூடினேன். அதிலிருந்து பைப்பைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே தள்ளினேன். அதற்கப்புறம்தான் படிக்கட்டுக்கு ஓடினேன்.

வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது நான்தான், கட்டுப் போட்டு முடிக்கிற வரை கூடவே இருந்ததும் நான்தான். அக்கம்பக்கத்தில் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். சொந்தத் தங்கைக்குக்கூட இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று ஒரு அம்மாள் சொன்னபோது அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். குழாயை முதலில் மூடியதையும் சொன்னேன். அவர் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துடலாம். யாருக்காச்சும் மீனக் குடுத்துடு," என்றார்.

குரலில் வருத்தமே இல்லை. உப்பில்லாத சோற்றைச் சாப்பிட்ட நாட்களில் இருந்த அதே குரல். என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

"மீனு இருக்கட்டும். தண்ணி மாத்தாம இருக்க இன்னா வழின்னு பாருங்க," என்றேன்.

வடிகட்டி வைத்தால் மாற்ற வேண்டாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கேம்ப் கடையில் விற்கிற வடிகட்டியெல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பழைய ஏர் கூலரிலிருந்து கழற்றிய சின்ன மோட்டார் ஒன்று கிடைத்தது. பெயிண்ட் பக்கெட்டின் அடியில் ஆணியைச் சுடவைத்து ஓட்டைகள் போட்டார். மோட்டார் தொட்டித் தண்ணீரைப் பக்கெட்டுக்கு ஏற்றும், பக்கெட்டுக்குள் இருப்பது அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் ஓட்டை வழியே மறுபடி தொட்டியில் விழும். பக்கெட்டுக்குள் எதை வைப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் சோபா ஸ்பஞ்சு. பழைய சோபாவிலிருந்து வெட்டி அடைத்தோம். இரண்டாம் நாளே அடைத்துக்கொண்டு, தண்ணீர் பக்கெட்டின் மேல் விளிம்பால் வழிந்து மண்ணுக்குப் போய்விட்டது. காலையில் எழுந்து பார்த்தால் தொட்டி பாதி காலி. எந்தத் தண்ணீரை மிச்சம் பிடிக்க இதெல்லாம் செய்தோமோ, அந்தத் தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடி குடித்துக்கொண்டிருந்தது. மீன்கள் உயிரோடு இருக்க வேண்டுமே என்று மறுபடி பைப்பைத் திறந்தேன், கொஞ்ச நேரம்தான். தாயி அப்போது கட்டுப் போட்ட கையோடு மாடியில் இருந்தாள். ஹண்டாவோடு யாரும் இறங்கி வரவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

அடுத்து மெத்தையிலிருந்து எடுத்த தேங்காய் நார். தண்ணீர் கடுங்காப்பி நிறமாகிவிட்டது. எல்லா மீன்களும் மேலே வந்து மூச்சுக்குத் தவித்தன. ஒன்று செத்தது. அவர் நாரை அள்ளி எறிந்தார். கருங்கல் ஜல்லி நல்லது என்று யாரோ சொன்னார்கள், பக்கத்தில் கட்டடம் கட்டுகிற இடத்தில் கேட்டதும் கொடுத்தார்கள். ஆனால் அதில் ஒட்டியிருக்கும் தூசு போக எத்தனை முறை கழுவ வேண்டும்? கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது? மழை வரட்டும் என்று சாக்கோடு சுவரோரம் வைத்துவிட்டோம். உடைந்த செங்கல்லுக்கும் அதே கதைதான்.

இத்தனைக்கும் நடுவில் தினமும் காலையில் நான்தான் தாயி வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஹண்டாவைத் தூக்க என்னால் முடியாது, பக்கெட்டில் கொண்டுபோவேன். மேலே போனால் அவள் இடது கையால் டீ போட்டுக் கொடுப்பாள். பேச்சு அதிகம் இருக்காது. ஒருநாள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிவிட்டேன். எங்கள் இருவருக்கும் பொதுவான பாஷை பாதி இந்தி, பாதி மராத்தி.

"அன்னிக்கு நீங்க விழுந்தப்போ நான் தொட்டிக்குத் தண்ணி விட்டுக்கிட்டிருந்தேன், தாயி. அதனாலதான் மேல வரல."

அவள் பாத்திரம் அடுக்குவதை நிறுத்தவில்லை. "தெரியும்," என்றாள். "நீங்க பைப்பத் தொறந்தா எங்க குழாய் மூச்சு விடும். புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து வரும். எல்லா வாரமும் கேக்கும்."

"விழுந்த சத்தம் கேட்டு நான் மொதல்ல குழாய மூடினேன்."

"அதுவும் கேட்டுச்சு. படியில கெடந்தேனே, தண்ணி நிக்கற சத்தம் நல்லாவே கேட்டுச்சு."

ஏன் இத்தனை நாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"அன்னிக்குத்தான் கேக்கறதா இருந்தேன்," என்றாள். "ஹண்டாவ மேல வெச்சிட்டு வந்து நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டுப் போகணும்னு நெனச்சுக்கிட்டே ஏறினேன். விழுந்ததுக்கப்புறம் நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க, தண்ணி கொண்டாறீங்க. எப்பிடிக் கேக்கறது?"

"கோபம் இருக்கா?"

"இருக்கு. அசு தே. நாளைக்கு ஒரு பக்கெட் சேத்துக் கொண்டாங்க, துணி ஊறுது."

அசு தே என்றால் இருக்கட்டும் என்று அர்த்தம். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அதை நம்பியிருக்க மாட்டேன்.

நான் எழுந்தபோது, மீன் தொட்டியை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். வடிகட்டிக் கதையைச் சொன்னேன். ஸ்பஞ்சு, நார், ஜல்லி என்று ஒவ்வொன்றாக. கழுவாமல் போடக்கூடியதாக, தண்ணீரும் ஓடக்கூடியதாக ஏதாவது வேண்டும் என்றேன். அவள் உள்ளே போய்ப் பழைய வெங்காயச் சாக்குகளைக் கொண்டுவந்து போட்டாள். கோடையில் வருஷத்துக்கான வெங்காயத்தை மொத்தமாக வாங்கி வைப்பது அவர்கள் வழக்கம். சணல் சாக்கு இல்லை, சிவப்பு நைலான் வலையில் பின்னியது. உதறினால் சருகு கொட்டிவிடும்.

"இத எடுத்துட்டுப் போய்ப் பாருங்க. எப்பிடியாவது அந்தத் தண்ணி மாத்தறத நிறுத்துங்க," என்றாள்.

எனக்கு உதவி செய்ய அதைக் கொடுத்தாள் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அவள் குழாயில் தண்ணீர் வர வேண்டும் என்பதற்காகக் கொடுத்தாள், அது நியாயம். ஆனாலும் அந்தச் சாக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு படியிறங்கும்போது திருப்பத்தில் நின்றுவிட்டேன். எங்கள் தொட்டிக்கான வடிகட்டியையும் கடைசியில் அவள்தான் தர வேண்டியிருந்தது.

சாக்குகளை வெட்டி, சுருட்டி, பக்கெட்டில் நெருக்கமாக அடுக்கினார். வலை என்பதால் அடைக்கவில்லை. தொட்டிக்கு மேலே வெயில் படாமல் பழைய கோணியைக் கட்டினார். முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. நான் தினமும் தண்ணீரை மோந்து பார்ப்பேன். பிறகு அந்த வலைச் சுருள்களில் வழவழவென்று பழுப்பாக ஒன்று படிய ஆரம்பித்தது. அசிங்கமாக இருந்தது, கழுவிவிடலாம் என்று எடுக்கப் போனேன்.

"தொடாதே," என்றார். "அந்த வழவழப்புதான் வேல செய்யுது. கொழாத் தண்ணி மருந்து பட்டா அதுல இருக்கற கிருமி செத்துடும்."

எப்படித் தெரியும் என்றேன். கேம்ப் கடைக்காரனிடம் கேட்டாராம். கடைக்கு எப்போது போனீர்கள் என்றேன். பஸ்ஸில் போய்வந்தேன் என்றார். விபத்துக்குப் பிறகு அவர் தனியாக பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை, என்னிடம் சொல்லாமலே போய்வந்திருக்கிறார்.

ஜூன் மாதம் தொட்டியின் அடி தெரிந்தது. நாற்றம் இல்லை. வெயிலில் குறைகிற தண்ணீருக்குக் கீரை, காய்கறி அலசிய தண்ணீரைத் தெளியவைத்து ஊற்றினேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்த வரைக்கும் ரப்பர் பைப்பை எடுக்கவே இல்லை. மாடியில் தண்ணீர் வந்தது, மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது.

தாயியின் கட்டைப் பிரித்தபோது மணிக்கட்டு சற்றே கோணலாகக் கூடியிருந்தது. பாக்ரி ரொட்டி தட்டுகிற கை அது. சோள மாவை உள்ளங்கையில் வைத்துத் தட்டித் தட்டி அவள் வட்டமாக்குவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு அவளுக்கு அது வரவில்லை, தட்டில் வைத்து இடது கையால் அழுத்தித்தான் செய்வாள், ஓரம் வெடித்துப் போகும். எங்களுக்கும் இரண்டு கொடுத்தனுப்புவாள். வெடித்த ஓரத்தைப் பிய்த்து வாயில் போடும்போதெல்லாம் என்னால் தட்டைப் பார்க்க முடியாது, வேறெங்காவது பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். என் கணவர் மறுபடி வேலைக்குப் போய், ரிடையர் ஆகிற வரைக்கும் அப்படித்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு மகன் வாகட்டில் ஃபிளாட் வாங்கினான், நாங்கள் அங்கே போனோம். எங்கள் தரைத்தளக் குவார்ட்டர்ஸ் தாயி குடும்பத்துக்குக் கிடைத்தது. மீன்களையும் தொட்டியையும் அப்படியே விட்டு வந்தோம், பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாள்.

ஒரு வருஷம் கழித்து நான் மட்டும் போய்ப் பார்த்தேன். பின்கட்டில் தொட்டி இருந்தது. மேலே தகரம் போட்டு மூடியிருந்தது. திறந்து பார்த்தேன், உள்ளே சுத்தமான தண்ணீர். மீன் இல்லை.

"ஆகுர்டியில என் தம்பி பசங்க கேட்டாங்க, குடுத்துட்டேன்," என்றாள். "எனக்கு மொதல்லேர்ந்தே மீனுன்னா ஆகாது, வைனி. பாக்கவே ஒரு மாதிரி இருக்கும். ஒங்ககிட்ட சொன்னதில்ல."

"இது எதுக்கு?"

"காலையில தண்ணி வந்ததும் இத நெரப்பி வெச்சிடுவேன். மேல இப்ப புதுசா வந்திருக்கற பொண்ணுக்குக் கைக்கொழந்தை. வேற பெரிய மோட்டார் போட்டு அவ டிரம்முக்கு ஏத்திடுவோம்."

நான் தகரத்தை மூடினேன். டீ குடித்தோம். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். குளிர் வந்தால் வலிக்கும் என்றாள், சாதாரணமாக.

வாகட்டுக்குத் திரும்பியதும் அவர் கதவைத் திறந்தபடியே கேட்டார். "மீனெல்லாம் நல்லா இருக்குதா?"

சொன்னேன். தகரம் போட்டதையும், மாடிக்குத் தண்ணீர் ஏற்றுவதையும், அவளுக்கு மீன் பிடிக்காது என்பதையும் சொன்னேன்.

"மேல தண்ணி ஏத்தலாம்னு நமக்கு ஏன் தோணல?" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் குக்கரை அடுப்பில் வைத்தேன்.