ராணியின் பெட்டிக்கு ஹீட்டர் மாட்டிய கதை

பட்டாசுக் கம்பெனியில் வயர்மேனாக இருந்த காலம் முழுக்க எனக்கு ஒரே வேலை, சூட்டை அண்டவிடாமல் பார்ப்பது. மருந்து அறைக்குள் பல்பே கிடையாது. வெளிச்சுவரில் மாட்டி, கண்ணாடி வழியாக வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுவோம். அப்படிப்பட்ட என்னை, வேலையை விட்ட பிறகு, ஒரு பாம்புக்குச் சூடு வைக்கக் கூப்பிட்டார்கள்.

கூப்பிட்டது ஆமத்தூர் நர்ஸ் ஸ்டெல்லா. கணவர் வீட்டிலேயே காலண்டர் டிசைன் செய்கிறார். கம்ப்யூட்டருக்காக அவர் அறையில் எந்நேரமும் ஏசி; பாம்பும் அங்கேதான். நம் ஊர் வெயிலில் பாம்புக்குக் குளிரா என்று சிரித்தேன். உள்ளே போனதும் எனக்கே சில்லிட்டது. கண்ணாடிப் பெட்டியில் ஆப்பிரிக்க மலைப்பாம்பு, முறையாகப் பதிவு செய்து வளர்ப்பது, பெயர் ராணி. வேறு அறையில் வைக்க மாமியார் விடவில்லை. பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பு தொங்கியது.

"குளிருக்கு அதையே சுத்திக்கிட்டு வயிறு வெந்துபோச்சு, அண்ணாச்சி. டாக்டர் மருந்து குடுத்திருக்காக. பல்பை அணைச்சா இரை எடுக்க மாட்டேங்கு. எப்படியாச்சும் பொழைக்க வைங்க."

பாம்பென்றால் எனக்கு நடுக்கம். ஆனாலும் பல்பைப் பார்த்ததும் கை பரபரத்தது. கம்பெனி மாதிரியே சூடு கண்ணாடிக்கு வெளியே இருக்கட்டும் என்றேன். பல்பைக் கழற்றி, பெட்டியைக் கட்டைகள் மேல் தூக்கி, அடியில் ஒரு ஓரத்தில் மட்டும் ஹீட் மேட் என்கிற சூடேற்றும் தகட்டை ஒட்டினேன். மறு ஓரம் குளுமையாக இருந்தால்தான் ராணி விலகிப் படுக்கலாம் என்றார் ஸ்டெல்லா. சூடு ஏறியதும் கரண்டை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டை முப்பத்திரண்டு டிகிரியில் வைத்து, அதற்குச் சூட்டை அளந்து சொல்லும் சென்சார் வயரை உள்ளே, மேட்டுக்கு நேர் மேலே தரையில், கண்ணாடியைக் கவ்வும் ரப்பர் பிடியால் ஒட்டினேன்.

ஸ்டெல்லா உடனே ராணியை விடப் போனார். மறித்தேன்.

"புது லைன் போட்டா காலியாத்தான் ஓட்டிப் பாக்கணும், தாயி. ஒரு நாள் பொறுங்க."

பாம்புக்கும் டிரையலா என்று கணவர் கிண்டலடித்தார். மாமியாரைக் கெஞ்சி, ராணியை மூடிய டப்பில் அடுத்த அறையில் வைத்தார்கள்.

மறுநாள் உள்ளே கை வைத்தவன் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். தரை கொதித்தது. ரப்பர் பிடி கழன்று சென்சார் குளிர்ந்த மூலையில் கிடந்தது. அந்தக் குளிரை நம்பி தெர்மோஸ்டாட் விடாமல் சூடேற்றியிருக்கிறது.

"ராணி உள்ள இருந்திருந்தா?" என்றார் ஸ்டெல்லா. நான் முதலில் பிளக்கைப் பிடுங்கினேன்.

உள்ளே டேப் போடலாமா என்று கேட்டேன். ராணியின் மேல் ஒட்டிக்கொண்டால் தோல் பிய்ந்துவிடும் என்றார் ஸ்டெல்லா. அப்படியானால் சென்சாரும் வெளியேதான். மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைத்து அசையாமல் டேப் ஒட்டினேன். உள்ளே தெர்மாமீட்டர் வைத்துச் சரிபார்த்து, மறுபடியும் ஒரு நாள் காலியாக ஓட்டினோம். சூடு நிலையாக நின்றது. அதன் பிறகே ராணி உள்ளே போனாள்.

சில நாள் கழித்து, வந்து பாருங்க என்று போன். போனேன். ஸ்டெல்லா இடுக்கியில் எலியை நீட்ட, ராணி பாய்ந்து கவ்விய வேகத்தில் நான் நாற்காலி மேல் ஏறிவிட்டேன். மாமியார் கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

வயரிங் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தெர்மோஸ்டாட்டில் தெரிகிற நம்பர் சென்சார் கிடக்கிற இடத்தின் சூடுதான். பாம்பு படுக்கிற இடத்தில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். அது தாங்கினால் மட்டும் பாம்பை விடுங்கள்.