தேடும்போது பெயர் சொல்லிக் கத்தாதீர்கள்

நெய்வேலியில் ஒரு பள்ளியில் நூலகராக இருக்கிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை நூலகத்தில் எப்படிக் கவனித்துக்கொள்வது என்று ஒரு சனிக்கிழமை எங்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். லீவு போன அலுப்பில் பாதிதான் காதில் விழுந்தது.

அடுத்த வாரமே அலமாரி மாட்ட ஆட்கள் வந்து சுவரில் டிரில் போட்டார்கள். ஏழாம் வகுப்பு கயல் அப்போது படப் புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டிசம் உள்ள பெண்; அதிகம் பேசமாட்டாள். நான் திரும்பிப் பார்த்தபோது அவளைக் காணவில்லை. ஒயர் இழுக்கத் திறந்துவைத்திருந்த பின்கதவைத் தாண்டினால் லாரி ஓடும் ரோடு. உதவிக்கு ஆள் கூப்பிட்டேன்.

ஓடிவந்த பி.டி. சாரும் வாட்ச்மேனும் "கயல், கயல்" என்று கத்தினார்கள். பயிற்சியில் பேச வந்திருந்த ஒரு தாய் தன் மகனைப் பற்றிச் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "சத்தத்துக்குப் பயந்து ஒளிஞ்ச புள்ள, நாம கத்தக் கத்த இன்னும் உள்ளதாங்க போவும்."

"யாரும் கூப்பிடாதீங்க சார். டிரில்லையும் நிறுத்தச் சொல்லுங்க" என்றேன்.

"ரோட்டுக்குப் போயிருந்தா என்னா பண்றதுங்க மேடம்?" என்றார் வாட்ச்மேன்.

"நீங்க போய்ப் பாருங்க. கத்தாம பாருங்க."

ஃபேனையும் அணைத்தேன். பழைய பேப்பர் கட்டுகளுக்குப் பின்னாலிருந்து மெல்லிய முனகல் கேட்டது. காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து அவளே கையை எடுத்தாள்.

இப்போது சத்தம் வரும் எந்த வேலையையும் பள்ளி விட்ட பிறகுதான் செய்யச் சொல்கிறேன். முடியும்வரை நானும் கூடவே இருக்க வேண்டும். அதற்குள் பஸ் போய்விடும். குவார்ட்டர்ஸுக்கு நடந்துதான் போகிறேன்.