மடியுண்டோ? குழித்துறையில் ஒரு மஸ்கட் நேர்காணல்

அக்கா மஸ்கட்டில் நர்ஸ். ஊருக்கு வந்துபோய் மூன்று வருடமாகிறது. அங்கே ஒரு மீன்பிடிக் கம்பெனி ஆள் எடுக்கிறது, நேர்காணல் குழித்துறையில் என்று போன மாதம் தெரிந்ததும் அத்தான் அன்றே விண்ணப்பித்தார். நாற்பத்தைந்து வயதைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். அவருக்கு வருகிற தையோடு அந்த வயது முடிகிறது. அக்காவோடு சேர்ந்து வாழ அவருக்கிருந்த கடைசி வழி இது. துணைக்கு நான் போனேன்.

இனயத்தில் காலை ஏழு மணிக்குப் பஸ். கருங்கல் வழியாக மார்த்தாண்டம் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கருங்கல்லில் பள்ளிப் பிள்ளைகள் ஏறிவிட்டால் மூச்சுவிட இடமிருக்காது. மார்த்தாண்டத்திலிருந்து ஆட்டோ. "கல்ப் இன்டர்வியூவா? இன்னைக்குக் காலத்தெ இருந்து இதே சவாரிதான்" என்றார் ஆட்டோக்காரர்.

நேர்காணல் ஒரு லாட்ஜின் மாடியில். அத்தான் கழுத்துப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். உள்ளே போனவர் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார்.

"நல்லா பேசினேன் மக்கா. வள்ளம், எஞ்சின் எல்லாம் கேட்டாரு. கடைசியில மடியுண்டோன்னு கேட்டாரு. உண்டு சார், மூணு உண்டு, ஒண்ணு நல்ல பெருசுன்னேன். சிரிச்சிட்டு போவச் சொன்னாரு."

எங்கள் கடற்கரையில் மடி என்றால் வலை. கேட்டவர் கொச்சிக்காரர், மலையாளத்தில் மடி என்றால் சோம்பல். அத்தானுக்கும் அது தெரியும். ஆனால் வள்ளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது கடல்காரனுக்கு வேறு எந்த மடி நினைவுக்கு வரும்?

மாடிக்கு ஓடினேன். வாசலில் நின்றவர் உள்ளே விடவில்லை. "அவரு வலையச் சொன்னாரு சார்" என்றேன். "அடுத்த ஆளு உள்ள இருக்காரு தம்பி, போங்க" என்றார்.

கீழே வந்து அத்தானிடம் சொன்னேன். முதலில் சிரித்துவிட்டார். பஸ்ஸில் ஒரே ஒரு தடவை, "எனக்கா மடி?" என்றார். காய்ச்சலோடும் கடலுக்குப் போகிற மனிதர். எனக்கு அழுகை வந்தது.

அடுத்த வாரம் ஒற்றை வரியில் பதில் வந்தது. எடுக்கவில்லை.

நேர்காணலுக்குப் போகிறவர்கள் ஏழு மணி பஸ்ஸை விடாதீர்கள். கேள்வி புரிந்த மாதிரி இருந்தாலும் ஒரு தடவை திருப்பிக் கேளுங்கள். அதில் ஒரு வெட்கமுமில்லை.

அத்தான் அக்காவின் எண்ணை அழுத்தி, போனை என் கையில் தந்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். அக்கா எடுத்ததுமே பேச ஆரம்பித்தாள்.

"ஏலே மக்கா, ரெண்டு பேருக்கு ஒரு ரூம் பாத்துட்டேன். அத்தான் எப்பம் வருவாரு?"