கைதட்டாத நாடகம்

ஆஸ்பத்திரியில் காத்துக் களைத்துத் திரும்பிய மாலையில், நடன ஒப்பனையோடு ஒரு பெண் எங்கள் லிஃப்டில் ஏறினாள். அந்த அரிதார வாசனை, இதே இடத்தில், இந்த அடுக்குமாடி வருவதற்கு முன்பிருந்த எங்கள் காக்ஸ் டவுன் பள்ளிக்கூடத்தின் தகரக்கூரை மண்டபத்துக்கு என்னை இழுத்துப் போய்விட்டது.

பெஞ்சுகளை ஒட்டிப் போட்டு ஜமுக்காளம் விரித்தால் அதுதான் மேடை. ராத்திரியெல்லாம் ஊருக்குள் ஆடிவிட்டு, அரிதாரத்தைக்கூடக் கழுவாமல் நாடகக் குழுவினர் காலையில் எங்களுக்காக வருவார்கள்; தகரம் வெயிலில் படபடக்கும், ராஜா வேஷக்காரரின் ஒட்டு மீசை வியர்வையில் நழுவித் தொங்கும், வசனத்துக்கு நடுவே வரும் கொட்டாவியை அவர் கர்ஜனையாக மாற்றிவிடுவார்.

ஒருநாள், கடைசிக் காட்சியில் வாள் பட்டு விழுந்த ராஜா, நாடகம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. குறட்டை கேட்டது. எங்களுக்குச் சிரிப்பு கிளம்புவதற்குள் ஸ்டெல்லா டீச்சர் வாயில் விரல் வைத்தார்.

"யாரும் கை தட்டாதீங்க கண்ணுங்களா. பாவம், தூங்கட்டும்."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி, ஒருவர் பின் ஒருவராக நகர்ந்தோம். நாங்கள் வாசலைத் தாண்டுவதற்குள் அவர் விழித்துவிட்டார். பாதி காலியான மண்டபத்தையும், சத்தமில்லாமல் வெளியேறும் எங்களையும் பார்த்தார். தொங்கிய மீசையை விரலால் அழுத்திக்கொண்டே டீச்சரிடம் மெல்லக் கேட்டார்:

"ஏம்மா, பசங்களுக்குப் புடிக்கலியா?"