நாலு தேசிக்காயும் வீட்டுத் தொலைபேசியும்

டென்மார்க்கில், பிரெடெரிசியாவுக்கு வெளியே, கேம்பர் வான்களை வாடகைக்கு விடும் முற்றத்தில், என் கணவர் எங்கள் வானின் நான்கு சில்லுகளுக்கும் அடியில் நான்கு தேசிக்காய்களை வைத்தார். வான் சொந்தக்காரரான டேனிஷ்காரர் சாவியும் கையுமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் ஆட்கள் புதிதாக ஒரு வாகனம் எடுத்தால் தேசிக்காயை நசித்துவிட்டுத்தான் தெருவில் இறங்குவோம். ஆயுளுக்கும் வாங்கியதா, மூன்று வாரத்துக்கு எடுத்ததா என்பது சில்லுக்குத் தெரியவா போகிறது? டயரில் ஏதும் பிழையா என்று அவர் கேட்டார். பிழை வராமல் இருக்கத்தான் என்றேன். தலையாட்டிவிட்டு, அப்படியென்றால் உதிரிச் சில்லுக்கும் ஒன்று வேண்டாமா என்றார். அந்த மனிதரை எனக்கு உடனேயே பிடித்துவிட்டது.

இத்தாலியிலிருந்து பிரான்சு வரை மத்தியதரைக் கடலோரமாக ஒரு பயணம். சொல்லும்போதே எனக்கு நாக்கு இனித்தது. பிராண்டேயில் நாங்கள் வேலை செய்யும் தொழிற்சாலை ஒவ்வொரு யூலையும் மூன்று வாரம் பூட்டும். கூட வேலை செய்கிறவர்கள் தெற்கே போய்ச் சிவந்து வருவார்கள். நாங்கள் ஜெர்மனியில் யாராவது சொந்தக்காரரின் கலியாணத்துக்குப் போய்ப் பலகாரத்தோடு வருவோம். இந்த முறை தை மாதமே வானைப் பதிவு செய்துவிட்டோம். மகனும் மகளும் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, குளிக்கப் போகிற கடற்கரைகளுக்கெல்லாம் சிவப்புப் பொட்டு வைத்தார்கள்.

அதற்குள் வைகாசி வந்தது. ஊரில் போர் முடிந்தது. என் தம்பி வன்னியில் இருந்தான். ஒரு மாதத்துக்கு மேலாக அவன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை. பிறகு, வவுனியா முகாமில் அவனைப் போல ஒருவனைக் கண்டதாக யாரோ சொன்னதை இன்னொருவர் எங்களுக்குச் சொன்னார். அவனேதானா என்று கேட்டால் அவருக்கும் நிச்சயமில்லை. தம்பிக்கு மனப்பாடமாகத் தெரிந்த இலக்கம் ஒன்றே ஒன்று, எங்கள் வீட்டுத் தொலைபேசி. இரண்டு முறை வீடு மாறியும் அந்த இலக்கத்தை நாங்கள் மாற்றவில்லை. ஊரில் ஆள் இருக்கிற எந்த வீட்டில்தான் மாற்றினார்கள்?

ஆகவே, நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அவன் போன் எடுக்கும்போது வெறும் வீட்டில் மணி அடித்துக்கொண்டிருந்தால் பிறகு நான் மனுஷியா? பிள்ளைகள் அழவில்லை, அடம்பிடிக்கவும் இல்லை. வரைபடத்தைக் கழற்றிச் சுருட்டி வைத்தார்கள். அழுதிருந்தாலாவது இரண்டு ஏச்சு ஏசியிருப்பேன்.

வழி கண்டுபிடித்தது கணவர். வீட்டுக்கு வரும் அழைப்பைக் கைபேசிக்குத் திருப்பிவிடலாமாம். "வீட்டுப் போனையே உம்மட கையில தாறன். பிறகென்ன?" என்றார். பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய் எங்கள் இலக்கத்தை அழுத்தினேன். முற்றத்தில் நின்ற அவருடைய சட்டைப் பைக்குள் மணி அடித்தது. நம்பாமல் இன்னும் மூன்று முறை அழுத்தினேன். அன்று பின்னேரமே வரைபடம் சுவருக்குத் திரும்பிவிட்டது. ஊரே அழுகிறபோது இவைக்குக் கடற்கரை கேட்குதாம் என்று கோயிலில் ஒரு அம்மா என் காதுபடச் சொன்னா. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் புறப்படும் அன்று ஒரு பேணி நிறைய முறுக்குச் சுட்டுக்கொண்டு வந்ததும் அவதான்.

ஜெர்மனியை ஒரே நாளில் தாண்டினோம். கரண்டிகள் இழுப்பறைக்குள் கிலுகிலுவென்று ஆட, வீடே எங்களோடு ஓடி வந்தது. அல்ப்ஸ் மலையடியில் வானை நிறுத்திப் பிளேன்டீ போட்டபோது எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

ஜெனோவா தாண்டியதும் வந்தது வினை. அந்தக் கடலோர நெடுஞ்சாலை முழுவதும் சுரங்கப்பாதை. ஒன்று முடிந்து கண்ணைத் திறப்பதற்குள் அடுத்தது. ஒவ்வொன்றுக்குள் நுழையும்போதும் கைபேசியில் சிக்னல் கோடுகள் அழிந்தன. பிள்ளைகள் ஜன்னலில் கடல் தேட, நான் கோடு தேடினேன். பதினோராவது சுரங்கத்தோடு என் பொறுமை போய்விட்டது. இந்தத் தெருவை விட்டு இறக்கச் சொல்லிச் சத்தம் போட்டேன். கணவரும் அடுத்த வாசலால் இறக்கிப் பழைய கடற்கரைத் தெருவைப் பிடித்தார்.

அப்படி ஒரு தெருவை நான் கண்டதில்லை. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் காலடியில் நீலக் கடல், நடுவே எங்கள் பெரிய வான் நத்தை வேகத்தில். பின்னால் இத்தாலிக்காரர்கள் ஹோர்ன் அடித்து ஏசினார்கள். பிள்ளைகள் வளைவுக்கு வளைவு டேனிஷில் கத்தினார்கள், நானும் கூடக் கத்தினேன். கைபேசியில் கோடு முழுதாக நின்றது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு சின்னக் கடற்கரையோரம் நிறுத்தினோம். வானின் வால் கொஞ்சம் தெருவில் நீட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் தண்ணீருக்குள், கணவர் சோற்றுப் பானையோடு, நான் படியில். மணி அடித்தது.

"அக்கா, நான்தான். இது வேற ஆளின்ர போன். கெதியாக் கதைக்கோணும்."

காயமா என்று ஒருவாறு கேட்டேன். காலில் சின்னது, ஆறிவிட்டது என்றான். எங்கே நிற்கிறாய் என்று கேட்டான்.

"வீட்டிலதான்" என்றேன். கூடாரத்தில் கிடக்கிறவனிடம், நான் உல்லாசமாகச் சுற்றுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லி வாய் மூடவில்லை, வானின் வாலில் மறிபட்ட பஸ் ஒன்று நீளமாக ஹோர்ன் அடித்தது.

"வீட்டுக்குள்ள பஸ் வருதோ?" என்றான்.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கோபிக்கப் போகிறான் என்று நினைத்தேன்.

"என்ன வான் அது? டீசலோ?"

போர் இறுகும்வரை வன்னியில் லொறி ஓட்டியவன் அவன். குசினி இருக்கா, அடுப்பு எத்தனை, தண்ணீர்த் தாங்கி எவ்வளவு கொள்ளும் என்று அடுக்கினான். நான் திருப்பிக் கேட்க, நூறு லீற்றர் என்று கணவர் அகப்பையோடு கத்தினார். கக்கூசும் இருக்கா என்றான். இருக்கிறது என்றேன்.

"அப்ப வரிசையில நிக்கத் தேவையில்லை" என்று சிரித்தான். பிறகு, "ஆர் ஓடுறது?" என்றான்.

"அத்தான்தான். எனக்கு இவ்வளவு பெரிசு பயம்."

"லைசன்ஸ் வைச்சுக்கொண்டு என்ன பயம்? ஓடு அக்கா. அடுத்தமுறை நான் போன் எடுக்கேக்க கிளட்ச் எப்பிடியெண்டு சொல்லோணும்."

தொடர்பு அறுந்தது.

பிள்ளைகளைக் கூப்பிட்டு, மாமா இருக்கிறார் என்று சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அப்போதுதான் அது உறைத்தது. சாப்பிட்டு முடிந்ததும் கணவரிடம் கையை நீட்டினேன். "திறப்பைத் தாங்கோ." அவர் சாவியை என் கையில் வைத்துவிட்டு, சமையலுக்கு வைத்திருந்த கடைசித் தேசிக்காயை எடுத்துக்கொண்டு முன்சில்லடியில் போய்க் குனிந்தார். மகள் வெட்கத்தில் முகத்தைப் பொத்தினாள்.

கிளட்ச் கொஞ்சம் இறுக்கம். பாதி மிதித்தால் உறுமும், முழுதாக மிதிக்க வேண்டும். இரண்டாவது கியர் ஒருதரம் முரண்டுபிடித்த பிறகுதான் விழும். மறந்துவிடாமல் இருக்க, ஒவ்வொன்றையும் அவனுக்குச் சொல்வதைப் போல வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.